மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் 1996 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று அவை அநேகமாக எல்லாமே பிரித்தானியத் தயாரிப்புகள்; பலவற்றுக்கு அப்போதே முப்பது வயது தாண்டியிருந்தது. பெற்றோலுக்கென்று செய்யப்பட்ட எஞ்சினை விளக்கெரிக்கும் எண்ணெயில் ஓடப் பழக்கியது குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துக் கராஜ்களின் கைவேலை. மைனரில் இருந்த அதே எஞ்சினைத்தான் இங்கிலாந்தின் பந்தயக்காரர்கள் தெருவிலும் ஓட வேண்டும், கால் மைல் நேர்ப்பாதையிலும் பாய வேண்டும் என்று பல காலமாகத் திருத்தி வந்தார்கள். இரு பகுதியாரும் கைவைத்த இடங்கள் ஒன்றே: கொம்பிறசன், டைமிங், கார்பறேற்றர், காற்று உள்ளே வரும் குழாயின் சூடு. திருப்பிய திசைகள்தான் நேரெதிரானவை. வேகத்துக்காகச் செய்த ரியூனிங்கின் வரலாறு புத்தகம் புத்தகமாக எழுதப்பட்டிருக்கிறது. வலிகாமத்தில் நடந்தது அதற்குச் சற்றும் குறையாத தொழில்நுட்பம். அது எழுதப்பட்டது மிகக் கொஞ்சம்.

வலிகாமத்து ஊர்களில் ஒன்றான தெல்லிப்பழை யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 9 மைலில், காங்கேசன்துறை வீதியில் இருக்கிறது. வீதியோடு சேர்ந்தாற்போல் ரயில் பாதையும் போகிறது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச்சில் திறக்கப்பட்டது. 1905இல் அது கொழும்போடு இணைந்தது. அமெரிக்க மிஷன் 1816இல் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கியது. அது பின்னாளில் யூனியன் கல்லூரியாயிற்று. 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவினார். படிப்பு உத்தியோகத்துக்கும், உத்தியோகம் கொழும்புக்கும் மலாயாவுக்கும் வழிகாட்டின. மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களும் வைத்தியர்களும் அப்புக்காத்துமாருமே குடாநாட்டில் முதலில் கார் வைத்திருந்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆசிரியரும் எழுதுவினைஞரும் சேமிப்பைத் திரட்டிச் சிறிய கார் ஒன்றை வாங்கக்கூடிய நிலை வந்தது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியதும் அந்த வீதியில் லொறிகளும் கார்களும் பெருகின. சந்தியிலும் ரயில் நிலையத்திலும் ஹயரிங் கார்கள் நின்றன. கலியாணம், துர்க்கையம்மன் கோயில், பிரசவம், மரண வீடு என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவையே ஓடின.

இந்தத் தேவைக்கு அளவெடுத்ததுபோல் வந்த கார் மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. மாதிரிக் கார் முடிந்த நிலையில் அதன் அகலம் போதாது என்று இசிகோனிசுக்குத் தோன்றியது. அதை நடுவால் நெடுக்காக அறுத்து, இரு பாதிகளையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டுவது என்று முடிவு செய்தார். பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் தடயம். பாரமான அடிச்சட்டம் இல்லாத உடல், முன் சக்கரங்களுக்கு முறுக்குக் கம்பி, பல்லும் சட்டமும் கொண்ட ஸ்ரியரிங் ஆகியவை அக்காலச் சிறுகார்களில் காணாத ஒழுங்கான ஓட்டத்தைக் கொடுத்தன. எடை ஏறக்குறைய 750 கிலோ.

ஓட்டம் நன்றாக இருந்தாலும் வலு குறைவு. முதல் மைனரில் இருந்தது பழைய பக்கவால்வு எஞ்சின்: 918 சிசி, 27 குதிரைவலுவுக்குச் சற்று மேல். 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனமாக இணைந்தன. ஒஸ்ரினின் புதிய 803 சிசி ‘ஏ வரிசை’ எஞ்சின் மைனருக்கு வந்தது. வால்வுகள் தலைக்கு மேல் ஏறின. 1956இல் அது 948 சிசியாகி 37 குதிரைவலு தந்தது. 1962இல் 1098 சிசியும் 48 குதிரைவலுவும் ஆயிற்று. மலையோ குன்றோ இல்லாத குடாநாட்டில் இது தாராளம். மேடேறும் வேலையில்லாத வண்டிக்கு வலு தேவைப்படுவது புறப்படும்போதும் மணலில் சிக்கும்போதும்தான். அதனால்தான் பின்னாளில் வலுவின் ஒரு பகுதியைக் கைவிட்டும் இந்தக் கார்களை ஓட்ட முடிந்தது. நுவரெலியாவில் இதே முயற்சி முதல் ஏற்றத்திலேயே நின்றிருக்கும்.

கார்களின் எண்தகடு அரசியலானதும் இந்தக் காலத்தில்தான். 1957 தொடக்கம் புதிதாகப் பதியப்படும் வாகனங்களில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து பொறிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதற்கு எதிராக இயக்கம் நடத்தியது. தமிழ் ‘ஸ்ரீ’யைத் தகட்டில் எழுதிக்கொண்டு கார்கள் ஓடின. கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, யூனியன் கல்லூரியில் படித்தவர். காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். 1958இல் அரசுடைமையான பஸ்கள் சிங்கள எழுத்தோடு வடக்கே வந்தபோது அந்த எழுத்தின்மேல் தார் பூசும் போராட்டம் எழுந்தது. அந்த ஆண்டின் இனக்கலவரத்துக்கு முன்னான கொந்தளிப்பில் இதுவும் ஒரு பகுதி.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியதும் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970களில் நிலைமை மேலும் கடுமையாயிற்று. 1977இல் சந்தை திறக்கப்படும் வரை ஏறக்குறைய ஒன்றரைத் தசாப்தம், உள்ள காரையே திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர நாட்டில் யாருக்கும் வேறு வழியில்லை. 1977க்குப் பிறகு தெற்கே யப்பானியக் கார்கள் பெருகின. வடக்கில் போர்ச்சூழல் மூண்டதால் அந்த மாற்றம் அரைவாசியில் நின்றுபோயிற்று. பழைய ஆங்கிலக் கார்கள் யாழ்ப்பாணத்தில் இத்தனை எண்ணிக்கையில் எஞ்சியதற்குக் காரணம் பழமை மீதான மோகம் என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மைக் காரணம் இந்த இரட்டை அடைப்புத்தான்.

ஓடிய ஒவ்வொரு காருக்கும் பின்னால் ஒரு கராஜ் இருந்தது. கிடுகுக் கொட்டில், மாமரத்துக் கொப்பில் தொங்கும் செயின் புளொக், ஓரத்தில் கழற்றிவைத்த கியர்பெட்டி: வலிகாமத்துக் கராஜ் ஒன்றுக்கு இவ்வளவும் போதும். எஞ்சினை இறக்கிச் செய்வது, போர் அடிப்பது, றிங்ஸ் மாற்றுவது, வால்வு அரைப்பது எல்லாம் உள்ளூரிலேயே நடந்தன. கிடைக்காத புஷ்ஷையும் சாப்ரையும் லேத் பட்டறையில் கடைந்தார்கள். தொழில் பழகியவர்கள் சின்ன வயதில் கராஜில் சேர்ந்து, சாவி எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, காதால் எஞ்சினைப் படிக்கக் கற்றவர்கள். எந்தச் சத்தம் வால்வுடையது, எது பிஸ்ரன் பின்னுடையது, எது கொம்பிறசன் தாங்காமல் எஞ்சின் தட்டுவது என்பதைப் பிரித்தறியும் அந்தக் காது பிற்பாடு பெரும் மூலதனமாயிற்று.

இதே எஞ்சின் இங்கிலாந்தில் வேறொரு வாழ்வு வாழ்ந்தது. 1959இல் இசிகோனிஸ் அதை மினியில் குறுக்காக வைத்தார். 1961இல் பந்தயக் கார் செய்பவரான ஜோன் கூப்பர் அதை 997 சிசியாக்கி, இரட்டைக் கார்பறேற்றர் பூட்டி 55 குதிரைவலுவுக்கு உயர்த்தினார். 1964இல் வந்த 1275 சிசி கூப்பர் எஸ் ஏறத்தாழ 76 குதிரைவலு தந்தது. அதன் அமுக்க விகிதம், அதாவது கொம்பிறசன், 10ஐ நெருங்கியது. சாதாரண 948இல் அது 8.3. பாரம் குறைந்த காரில் வலுவைக் கூட்டுவது என்ற கொள்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஒரு குதிரைவலு எத்தனை கிலோவை இழுக்க வேண்டியிருக்கிறது என்ற கணக்குத்தான் புறப்பாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மூன்று மொன்ரி கார்லோ ராலிகளை மினிக்குப் பெற்றுக் கொடுத்ததும் அந்தக் கணக்கே.

அமெரிக்காவில் இக்கணக்கு கால் மைலாகச் சுருங்கியது. போருக்குப் பின் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய போட் கார்களின் பாரத்தைக் குறைத்து, பெரிய எஞ்சின் பூட்டி, வீதியிலும் வறண்ட ஏரிப்படுகையிலும் ஓட்டினார்கள். 1950இல் சாந்தா அனாவின் விமான ஓடுபாதையில் நுழைவுச்சீட்டு வைத்து டிராக் பந்தயம் நடத்தப்பட்டது. 1951இல் வோலி பார்க்ஸ் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவினார். வாரநாளில் வேலைக்குப் போகும் காரே ஞாயிற்றுக்கிழமை பந்தயத்திலும் ஓட வேண்டும் என்பதால் ஒவ்வொரு திருத்தமும் ஒரு பேரமாகவே இருந்தது. கொம்பிறசனைக் கூட்டினால் நல்ல பெற்றோல் வேண்டும். காம் சாப்ரை மாற்றினால் சந்தியில் நிற்கும்போது எஞ்சின் தடுமாறும். பல்விகிதத்தைக் குறைத்தால் புறப்பாடு கூடும், நெடுவீதியில் எஞ்சின் கதறும்.

போர்க்கால விமான ஓடுபாதைகளைப் பந்தயத் திடலாக்கும் வழக்கம் இந்தப் பக்கத்திலும் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் கைவிடப்பட்ட ஓடுபாதையில் 1950கள் முதல் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பாய்ந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்த பிறகே அந்த இடம் ஓய்ந்தது. இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 தொடக்கம் நடந்தது. களுத்துறைக்கு அருகே பிரித்தானியக் கடற்படை அமைத்த கட்டுக்குருந்த ஓடுபாதை பின்னர் பந்தயத் தடமாயிற்று. தெல்லிப்பழைக்குக் கிழக்கே அதே போரில் அமைந்த பலாலி ஓடுபாதைக்கு வேறு விதி. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து அங்கே இறங்கித்தான் சென்னைக்குப் பறந்தது. பின்னாளில் அதைச் சுற்றி எழுந்த இராணுவ வலயம் தெல்லிப்பழையின் தலையெழுத்தையும் மாற்றியது.

வலிகாமத்துக்கென்று நேர்ப்பாதைப் பந்தயம் இல்லாமலில்லை. மாட்டுவண்டிச் சவாரி அதுவே. நீண்டு நேராகக் கிடக்கும் சவாரித் திடலில், சோடி மாடு பூட்டிய இலேசான வண்டில் ஒரே பாய்ச்சலில் மறுகோடி சேர வேண்டும். பாரம் ஏற்றும் வண்டில் வேறு, சவாரி வண்டில் வேறு. சவாரிக்கானதில் ஓர் இறாத்தல் மரம்கூட வீணாகச் சேராது. இலேசும் வலுவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் கார் வருவதற்கு முன்பே அறிந்திருந்த ஊர்கள் இவை.

மண்ணெண்ணெயின் கதை வீதியில் தொடங்கவில்லை. தோட்டக் கிணற்றடியில் தொடங்குகிறது. வலிகாமத்துச் செம்மண் புகையிலை, வெங்காயம், மிளகாய், வாழை எல்லாம் தரும். தண்ணீர் மட்டும் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். துலாவின் இடத்தை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது. அதில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் இயந்திரம். சிறு தொட்டியில் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கயிறு இழுத்து ஓட வைப்பார்கள். சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இறைப்பு முடிவதற்குச் சற்று முன் மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்பிவிட்டு நிறுத்துவார்கள். அப்படிச் செய்தால்தான் மறுநாள் காலையில் கார்பறேற்றரில் பெற்றோல் இருக்கும், இழுத்ததும் பிடிக்கும். உலகத்தின் வேறு இடங்களிலும் உழவர்களுக்கு இது பழக்கமான முறை. 1949இல் வந்த பெர்குசன் ரி.ஈ.டி 20 உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி, வரி குறைந்த இழுபொறி எண்ணெய்க்கு மாறுவது. அதற்கென்றே அதன் அமுக்க விகிதத்தை 5 அளவுக்குக் குறைத்துச் செய்தார்கள். அந்த எண்ணெயோ எளிதில் தட்டாதபடி சுத்திகரிப்பு நிலையத்திலேயே பதப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பின்னர் காருக்கு ஊற்றியது வெறும் விளக்கு மண்ணெண்ணெய். ஆகவே பிரித்தானிய எஞ்சினியர்களுக்கு வாய்த்த இரு வசதிகளும் இங்கே கிடைக்கவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. வடக்குக்குப் போகக் கூடாத பொருள்களின் பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம், சீமெந்து, உரம் எல்லாம் ஏறின. மண்ணெண்ணெய் வீட்டு விளக்குக்கும் அடுப்புக்கும் என்று மட்டுப்படுத்திய அளவில் வந்தது; சங்கக்கடையில் பங்கீடு. வீடுகளில் ஒரு சிறு திரியை எரித்துச் சிக்கனம் பிடித்தார்கள். ரேடியோவுக்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றினார்கள். இரகசியமாக வந்த பெற்றோலின் விலை சாதாரண மனிதரால் நினைத்துப் பார்க்க முடியாதது. பலர் காரைக் கட்டையில் ஏற்றிச் சாக்கால் மூடிவிட்டுச் சைக்கிளுக்கு மாறினார்கள். ஆனால் நோயாளியையும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணையும் சைக்கிளில் கொண்டுபோவது கடினம். ஹயரிங் காரை நம்பியே சாப்பிட்ட குடும்பங்களும் இருந்தன. கிணற்றடி இயந்திரம் செய்வதைக் கார் ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது.

முதல் தடை, மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு முதலில் சூடு வேண்டும். இங்கேதான் ஏ வரிசை எஞ்சினின் அமைப்பு கைகொடுத்தது. அதில் கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் தலையின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன. புகையின் சூடு உள்குழாயின் அடியைத் தொடுகிறது. பந்தயக்காரர்களுக்கு இது பெரிய தலையிடி: சூடான கலவை விரிந்து அடர்த்தி குறையும், வலு குறையும். அதனால் அந்தத் தொடுப்பை வெட்டிப் பிரித்துவிட்டுத் தனித்தனிக் குழாய்களைப் பூட்டுவதே அவர்களுடைய முதல் வேலைகளில் ஒன்று. மண்ணெண்ணெய் ஊற்றியவருக்கு அதே குறை வரமாயிற்று. ஒரு கலைக்குப் பகையான அமைப்பு இன்னொன்றுக்கு உயிர்நாடியாவது இயந்திர வரலாற்றில் அபூர்வம். வலிகாமத்தில் இந்தக் கார் நிலைத்ததில் இந்தத் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது கார்பறேற்றர். மைனரில் இருப்பது எஸ்.யு. வகை. அதில் ஒரு பிஸ்ரன் எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்ப மேலும் கீழும் போகும். பிஸ்ரனின் அடியில் உள்ள கூர்ந்த ஊசி ஜெற்றுக்குள் ஏறி இறங்கி எண்ணெயின் அளவைத் தீர்மானிக்கும். கலவையை மாற்ற வேறு ஜெற் வாங்க வேண்டியதில்லை. அடியிலுள்ள அறுகோண நட்டைத் திருகினால் ஜெற் இறங்கும், எண்ணெய் கூடும். மற்றப் பக்கம் திருகினால் குறையும். பாகங்கள் வராத ஊருக்கு இதைவிட உதவும் கார்பறேற்றர் இல்லை. மண்ணெண்ணெய் பெற்றோலைவிடத் தடிப்பு, ஆகவே ஜெற்றால் மெதுவாக வரும். அடர்த்தியும் கூட, கிண்ணத்தில் மிதக்கும் மிதவை சீக்கிரம் எழும்பி எண்ணெய் வரவை அடைத்துவிடும், மட்டம் தாழும். இரண்டு காரணத்தாலும் கலவை வற்றும். மெக்கானிக் நட்டைச் சிறிது சிறிதாக இறக்கி, எஞ்சின் இழுக்கிற இழுவையைக் கேட்டு, புகைக்குழாயில் வருவதைப் பார்த்து நிறுத்துவார். புகை கறுத்தால் கூடிவிட்டது. எஞ்சின் தும்மினால் போதாது.

மூன்றாவது, தட்டுதல். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. பிளக் தீப்பொறி விட்ட பிறகு, சுவாலை பரவி முடியும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்து, உலோகத்தில் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் வரும். அது தொடர்ந்தால் பிஸ்ரன் உடையும். பந்தயக்காரர் தலையைச் சீவிக் கொம்பிறசனை உயர்த்துவார்; இங்கே அதைக் குறைக்க வேண்டும். தலைக்கும் புளொக்குக்கும் நடுவே கஸ்கற்றின் தடிப்பைக் கூட்டுவது அதற்கான வழி. தேய்ந்த றிங்ஸ் உள்ள பழைய எஞ்சினில் கொம்பிறசன் ஏற்கெனவே குறைந்திருந்தது. வேறு வேளையில் குறையாகக் கருதப்படுவது இங்கே உதவிற்று. மட்டமான பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்கென்று ஏ வரிசையில் 7.2 விகிதத்தோடு செய்யப்பட்ட எஞ்சின்களும் இருந்தன. அவை இந்த மாற்றத்துக்கு இன்னும் இணங்கின.

அதைவிட எளிதானது டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது. லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் விரலால் திருகக்கூடிய ஒரு சிறு திருகு இருக்கிறது. ஒரு பக்கம் திருகினால் தீப்பொறி முந்தும், மறு பக்கம் திருகினால் பிந்தும். பெற்றோலின் தரம் ஊருக்கு ஊர் மாறிய காலத்தில் சாரதியே தீப்பொறியைச் சரிசெய்து கொள்ளட்டும் என்று வைத்தது. மண்ணெண்ணெயில் ஓடிய காரின் சாரதி அதன் முழு அருமையையும் கண்டார். தட்டும் வரை முன்னே கொண்டுபோய், தட்டு நிற்கும் வரை பின்னே இழுத்து, அந்த எல்லையிலே விடுவார். அமெரிக்க டிராக் திடலில் மெக்கானிக் தேடிய எல்லையும் இதுவேதான். அவர் எல்லையை எவ்வளவு தூரம் தள்ளலாம் என்று பார்த்தார், இவர் எங்கே பணியலாம் என்று பார்த்தார்.

காரைப் புறப்படுத்துவது தனிச் சடங்கு. பொனற்றைத் திறந்து, காற்று வடிகட்டியைக் கழற்றி, சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் கார்பறேற்றர் வாய்க்குள் விட வேண்டும். பற்றறி செத்துப்போன கார்களே அதிகம் என்பதால் முன்னால் ஹான்டில் போட்டுச் சுற்றுவார்கள். நாலு பேர் கிடைத்தால் தள்ளி ஸ்ராட் பண்ணுவார்கள். பிடித்ததும் ஒருவர் ஆக்சிலேற்றரை விடாமல் மிதித்திருக்க, இன்னொருவர் போத்தலிலிருந்து துளி துளியாக விட்டுக்கொண்டிருப்பார். குழாய் கைபொறுக்காத சூடானதும் எஞ்சின் மண்ணெண்ணெயில் தானாக இழுக்கத் தொடங்கும். சில கார்களில் ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலையும் அதன் குழாயையும் பொனற்றுக்குள் தொங்கவிட்டுப் பெற்றோலுக்கான தனித் தொட்டியாக்கினார்கள். துளியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம் அந்தக் குழாயிலேயே இருந்தது. வைத்தியத்துக்கு வந்த பொருளைக் கார்பறேற்றருக்குப் பொருத்திய அந்த யோசனையை எந்த எஞ்சினியரும் மதிக்க வேண்டும்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. வலு இறங்கிற்று. வெண்புகை வீதியெங்கும் பரவிக் கண்ணை எரித்தது. பின்னால் சைக்கிளில் போனவருக்கு மூச்சு முட்டியது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் ஓரத்தால் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்தது. டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் ஏறியிருக்கும். அது நல்ல செய்தியல்ல: ஒயில் நீர்த்துப் பெயரிங்குகளைக் காக்கும் பசை போய்விட்டது என்று பொருள். மாற்றப் புது ஒயிலும் அரிது. பழையதை வடித்துத் தெளிய வைத்து மறுபடி ஊற்றினார்கள். பிளக்கில் கரி படிந்து கார் மிஸ் பண்ணும். ஒவ்வொரு பயணத்துக்கும் கழற்றித் துடைக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும் வரை மட்டுமே இந்த ஏற்பாடு வேலை செய்யும். நீண்ட நேரம் மெதுவாக ஓடினால் குழாய் ஆறும், எண்ணெய் துளிகளாகவே உள்ளே போகும், பிளக் நனையும்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் போரினால் கிழக்கே தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது நேர்ந்தது அதுவே. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான மக்கள் மழையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இதைவிடக் கொடிய ஓட்டமில்லை. தெல்லிப்பழையாருக்கு அது முதல் இடப்பெயர்வும் அல்ல. பலாலியையும் காங்கேசன்துறையையும் சுற்றிய வலிகாமம் வடக்கு 1990இலேயே வெறுமையாகத் தொடங்கிவிட்டது. யூனியன், மகாஜனக் கல்லூரிகள் வேறிடங்களில் இயங்கின. வீட்டையும் கிணற்றையும் கராஜையும் விட்டு வந்தவர்கள், கைக்கடக்கமான சாவிப் பெட்டியை மட்டும் கொண்டு வந்து, சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் வீதியோரத்தில் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

1996இல் வலிகாமத்தார் திரும்பி வந்த பிறகு பெற்றோல் மெல்ல மெல்லக் கிடைக்கத் தொடங்கியது. ஊற்றினால் போதும் என்றிருக்கவில்லை. செய்ததையெல்லாம் ஒழுங்காகத் திருப்பிச் செய்ய வேண்டியிருந்தது. டைமிங்கை முன்னுக்குக் கொண்டுவந்து, ஜெற்றை ஏற்றி, தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, ஒயிலை முழுவதும் மாற்றினார்கள். பின்னுக்கு இழுத்த டைமிங்கோடு பெற்றோலில் ஓடிய கார் சூடேறி எண்ணெயையும் விழுங்கிற்று. பெயரிங் தேய்ந்தவற்றின் கிராங்கைக் கடைந்து சிறிதாக்கி, அதற்கேற்ற பெயரிங் போட்டார்கள். தேறாதவை உதிரிப்பாகத்துக்காக அறுபட்டன. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது கொழும்பிலிருந்து பாகங்களும், கூடவே யப்பானிய வாகனங்களும் வந்தன. ஹயரிங் காரின் இடத்தை வானும் முச்சக்கர வண்டியும் பிடித்தன.

அதே 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஏ வரிசைத் தலையில் புகைவால்வு உட்காரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு. பெற்றோலிலிருந்த ஈயம் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்து வந்தது. ஈயமில்லாவிட்டால் நெடுநேர வேக ஓட்டத்தில் வால்வு இருக்கை குழிந்து, இடைவெளி அடைபட்டுக் கொம்பிறசன் போகும். ஐரோப்பாவில் மைனர் வைத்திருப்பவர்கள் இதற்காகத் தலையைக் கழற்றிக் கடினமான உருக்கு வளையம் பதிப்பிக்கிறார்கள். யாழ்ப்பாணத்து எஞ்சின்கள் ஈயமே இல்லாத மண்ணெண்ணெயில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஓடியவை. தட்டை நிலத்தில் 30 மைல் வேகத்துக்கு மேல் அடிக்கடி போகாததால் இருக்கைகள் பெரும்பாலும் தாங்கின. இன்று அவற்றில் ஒன்றைத் திருத்த எடுக்கும் மெக்கானிக் முதலில் தலையைக் கழற்றி, வால்வு இருக்கை எவ்வளவு குழிந்திருக்கிறது, கஸ்கற் என்ன தடிப்பு என்று பார்த்த பிறகே டைமிங்கில் கைவைக்கிறார்.